லயத்தை விட்டு எங்கே போவது? – கடலோர ஊர் தேடுவோருக்குச் சில வார்த்தைகள்

(ஓய்வு பெறும் நிலையில் உள்ள உறுப்பினர்களுக்காகக் கிளைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

 

சென்ற கூட்டத்தில் நீங்கள் எங்கள் மூவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தீர்கள். “வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பட்டணத்தில் வீடு வாங்க நமக்கு வக்கில்லை. கடலோரமாக ஓர் அமைதியான ஊர், கையிலுள்ள காசுக்குக் கட்டுப்படியாகிற ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள்” என்றீர்கள். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற கிராணி. மற்ற இருவரும் மரம் சீவியவர்கள். அவர்களில் ஒருவர் அம்மையார். மூவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தோம். பார்த்ததையும், விசாரித்ததையும், எங்களுக்குள் வாதாடி முடிவு கண்டதையும் இங்கே வைக்கிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. உளியைக் கீழே வைக்கும் நாளில் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். இது நம் பாட்டன் காலத்திலிருந்து வரும் துன்பம். 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். அப்பொழுது ஆயிரக்கணக்கான நம் மக்கள் பெட்டி படுக்கையோடு சாலைக்கு வந்தார்கள். அந்த நிலையில்தான் 1960 ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த இடங்களும் உண்டு. நாம் சீவிய மரங்கள் நின்ற இடத்தில் இன்று மாடிவீடுகள் நிற்கின்றன. அவற்றில் நம்மவர் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே எங்கே போவது என்ற கேள்வியை ஓய்வு பெறும் மாதத்தில் கேட்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு முன்பே கேட்க வேண்டும். இங்கே ஐம்பதைத் தாண்டிய தோழர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இதுதான் நேரம்.

கடல் ஏன்?

“ஏனப்பா கடல்? மலையடிவாரத்தில் ஊர் இல்லையா?” என்று சிலர் கேட்டார்கள். அதற்கு எங்களிடம் கணக்கு இல்லை, மனம்தான் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் ரஜூலா போன்ற கப்பல்களில் கடல் கடந்துதான் இந்த மண்ணுக்கு வந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்து லாரியில் ஏறி, புளிச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். விடியற்காலை நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்தே காலம் கழித்தவர்களுக்கு, வேலையில்லாத ஒரு காலையில் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. அது நியாயமான ஆசை. அந்த ஆசையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஆசையை மட்டும் நம்பிச் சேமநிதியைக் கொட்டிவிடக் கூடாது என்றுதான் சொல்ல வந்தோம்.

நம் தோட்டத்துத் தம்பதி ஒன்றை உங்களில் பலர் அறிவீர்கள். பெயர் வேண்டாம். அந்த அண்ணன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவினார். ஓய்வு பெற்றதும் சேமநிதி முழுவதையும் எடுத்து, கடற்கரையை ஒட்டிய ஒரு வரிசையில் அழகான வீடு ஒன்றை வாங்கினார். சனிக்கிழமை போய்ப் பார்த்தார். வரிசை முழுவதும் விளக்கும் சிரிப்புமாக இருந்தது. குடிபோன பிறகுதான் தெரிந்தது, அவை எல்லாம் பட்டணத்துக்காரர்களின் விடுமுறை வீடுகள் என்பது. திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையில் இவர்கள் இருவர் மட்டுமே. ஒரு புதன்கிழமை இரவு அண்ணனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அக்கா அடுத்த வீட்டைத் தட்டினார், பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டைத் தட்டினார், அதுவும் பூட்டியிருந்தது. கைத்தொலைபேசியில் அழைத்த மகன் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அண்ணன் உயிர் பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை. இப்போது இருவரும் மகள் வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அக்கா சொன்னார்: “வீடு நல்ல வீடுதான். ராத்திரியில் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை.”

தோழர்களே, எங்கள் பயணம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

நாங்கள் பார்த்த மூன்று ஊர்கள்

முதலில் போர்ட்டிக்சன். சிரம்பானிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர். 1891 ஆம் ஆண்டிலேயே சிரம்பானுக்கும் இதற்கும் ரயில் பாதை போட்டார்கள். இப்போது அதில் பயணிகள் ரயில் இல்லை, பஸ்தான். லுக்குட், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களால் நம்மவர் நெடுங்காலமாக வாழும் வட்டாரம். கோயில்கள் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. பெரிய வைத்தியம் வேண்டுமானால் சிரம்பான் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை செய்தால் வந்து பார்த்துப் போகலாம். இவை நல்லவை.

குறை என்ன? நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது தெலுக் கெமாங் கடற்கரையில் காக்கைகளும் நாங்களும்தான் இருந்தோம். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி! சரி என்று சனிக்கிழமையும் போய்ப் பார்த்தோம். சாலையில் கார்கள் நகரவில்லை. மீன் விலை கேட்டோம். சுற்றுலாக்காரருக்குச் சொல்லும் விலையையே எங்களுக்கும் சொன்னார்கள். கடல் தெரியும் வீடுகளின் விலை நமக்கானதல்ல. அந்தத் தம்பதிக்கு நேர்ந்தது போன்ற பூட்டிய வீட்டு வரிசைகளும் இங்கே உண்டு. ஆனால் கரையை விட்டு உள்ளே தள்ளி, ஊர்க்காரர்கள் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் பழைய தாமான்களில் நிலைமை வேறு. அங்கே பேச்சுத் துணையும் உண்டு, விலையும் இறங்குகிறது.

இரண்டாவது பாகான் டத்தோ. பேராக் நதி கடலில் கலக்கும் முகத்துவாரம். தென்னைக்குப் பெயர் போன பூமி. ஊத்தான் மெலிந்தாங் தொடங்கி வழி நெடுகத் தோட்டங்கள். தமிழ் கேட்காத இடமே இல்லை எனலாம். 2017 ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக ஆக்கப்பட்டது. மேற்குக் கரை நெடுஞ்சாலையின் பகுதிகள் 2019 முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டதால் பயணமும் முன்னைவிட எளிதாகியிருக்கிறது. மூன்று ஊர்களில் வாடகை குறைவாகக் கேட்கப்பட்டது இங்கேதான். அமைதியும் இங்கேதான் அதிகம். ஆற்று முகத்தில் நின்று மாலைச் சூரியன் இறங்குவதைப் பார்த்தபோது, எங்களில் ஒருவர் “இங்கேயே இருந்துவிடலாமே” என்று சொல்லிவிட்டார்.

ஆனால் மறுநாள் காலை ஒரு பெரியவரிடம் பேசினோம். அவர் தம் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த கறையைக் காட்டினார். தாழ்ந்த கரை, கடலைத் தடுப்பது மண்ணணைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். அதே வேளையில் பலத்த மழையும் காற்றும் சேர்ந்தால் அணையைத் தாண்டி உப்புத்தண்ணீர் உள்ளே வரும். மற்றொன்று, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தெலுக் இந்தான்தான் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதயக் கோளாறு உள்ளவருக்கு அந்த ஒரு மணி நேரம் நீண்ட நேரம்.

மூன்றாவது லுமுட், சித்தியவான், ஸ்ரீ மஞ்சோங் வட்டாரம். ஈப்போவிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன்பு டிண்டிங்ஸ் என்ற பெயரில் வெள்ளைக்காரரின் நீரிணைக் குடியேற்றத்தில் சேர்ந்திருந்தது. 1935 இல் பேராக்கோடு மீண்டும் சேர்ந்தது. 1903 இல் சீனாவின் பூச்சோவிலிருந்து வந்த குடியேறிகள் சித்தியவானில் காடழித்து ரப்பர் போட்டார்கள். ஆகவே இது நம் தொழிலுக்குப் பழக்கமான மண். லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. பக்கத்தில் நிலக்கரி மின் நிலையமும் இரும்புத் தாது இறக்கும் துறையும் இருக்கின்றன. அதனால் ஊரில் ஆண்டு முழுவதும் மக்கள் நடமாட்டம் உண்டு. விடுமுறைக்கு மட்டும் விழிக்கும் ஊரல்ல. ஸ்ரீ மஞ்சோங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி. ஆயர் தாவாரில் தமிழ்ப்பள்ளி, பங்கோர் தீவிலும் தமிழ்ப்பள்ளி. மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு மக்கள் படகேறிப் போவதை நீங்கள் அறிவீர்கள். காலாற நடக்கத் தெலுக் பாத்திக் கடற்கரை.

குறையும் உண்டு. ரயில் இல்லை. பள்ளி விடுமுறையில் பங்கோர் போவோர் கூட்டம் லுமுட் படகுத்துறையை நிறைத்துவிடும். சித்தியவானிலோ ஆயர் தாவாரிலோ வீடு பார்த்தால் சன்னலைத் திறந்ததும் கடல் தெரியாது. பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ ஏறித்தான் கடலுக்குப் போக வேண்டும். எங்களில் ஒருவருக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. அம்மையார்தான் சமாதானம் சொன்னார்: “கடலை வாரத்துக்கு ரெண்டு தடவை பார்த்தால் போதும். மருந்துக் கடையை மாதம் முழுக்கப் பார்க்கணும்.”

கிழக்குக் கரையைப் பற்றியும் கேட்டீர்கள். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், ஆறுகள் பெருகும். நம்மவர் குடியிருப்பும் கோயிலும் அங்கே மிகக் குறைவு. பிள்ளைகள் அங்கே வேலையில் இருந்தாலன்றி, முதுமையில் தனியாகப் போவதற்கு நாங்கள் சிபாரிசு செய்யவில்லை.

மேற்குக் கரை என்றால் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமி, சுமத்திராவைத் தாண்டி வந்து பினாங்குக் கடற்கரைகளையும் கெடாவின் கோத்தா கோலா மூடாவையும் தாக்கியது. நம் நாட்டில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோரம் வாழ்கிறவர் கடலை நேசிக்கலாம். அதை நம்பிக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கக் கூடாது.

பணக் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கிராணியார் கணக்குப் போட்டுத் தந்தார்.

சேமநிதி 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 55 வயதில் முழுத் தொகையையும் எடுக்கலாம். “எடுக்கலாம்” என்பதுதான் சட்டம். “எடுக்க வேண்டும்” என்பதல்ல. எடுக்காமல் விட்டுவைத்தால் 100 வயது வரை ஈவுத்தொகை சேரும். 2023 ஆம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடும், 2024 ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடும் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு இது மாறும்.

ஒரு தோழர் கணக்கில் 90,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 4,950 வெள்ளி, மாதத்துக்கு 412 வெள்ளிக்கு மேல். அவர் கடலோர ஊரில் மாதம் 400 வெள்ளிக்கு ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஆண்டுக்கு 4,800 வெள்ளி. ஈவுத்தொகையே வாடகையைக் கொடுத்துவிடுகிறது. முதல் அப்படியே நிற்கிறது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேறு வழி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 90,000 வெள்ளியையும் கொட்டி வீடு வாங்கினால் ஈவும் போயிற்று, முதலும் போயிற்று. வக்கீல் செலவும் முத்திரைக் கட்டணமும் கூரைப் பழுதும் பாக்கி. வீடு இருக்கும், அடுப்பு எரியாது.

அப்படியானால் வீடே வாங்கக் கூடாதா? வாங்கலாம். சொந்த வீட்டை விட்டு யாரும் நம்மைக் கிளப்ப முடியாது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் வேண்டுகோள் இரண்டுதான். ஒன்று, முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி, ஒரு காய்ச்சல், இவை மூன்றையும் அந்த ஊரில் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த வாடகை நஷ்டமல்ல; ஊரைப் படித்ததற்குக் கொடுத்த பள்ளிக் கட்டணம். இரண்டு, கையிருப்பில் பாதிக்கு மேல் வீட்டில் போடாதீர்கள். மீதி வேண்டுமானால் சம்பாதிக்கும் மகனோ மகளோ பங்கு போடட்டும். அவர்கள் பெயரையும் பத்திரத்தில் சேருங்கள்.

இன்னும் வேலையில் இருக்கும் இளைய தோழர்களுக்கும் ஒரு சொல். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதில் மிச்சம் பிடிப்பது கடினம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் சேமநிதியில் அவசரத்துக்கு எடுக்க வழி திறந்திருக்கிறது என்பதற்காக, திருவிழாவுக்கும் கைத்தொலைபேசிக்கும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் எடுப்பது உங்கள் வருங்கால வீட்டின் செங்கல்.

நிலப் பட்டா

அடுத்தது மிக முக்கியம். நம் தோழர் ஒருவர் கடலோரத்தில் மலிவாக வீடு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். தரகர் ஒருவர் “நாளைக்கே வேறு ஆள் வந்துவிடுவான்” என்று அவசரப்படுத்தி 2,000 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டார். பிறகு நில அலுவலகத்தில் விசாரித்தால், அது மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலம். நம் பெயருக்கு மாற்றவே முடியாது. இந்த ஒதுக்கீட்டுச் சட்டம் 1913 இலிருந்து இருந்து வருகிறது. சட்டம் ஒளிந்திருக்கவில்லை, நாம்தான் கேட்கவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே ஒரு காசு கொடுப்பதற்கு முன்னால், நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்தப் பட்டாவின் அதிகாரபூர்வமான விவரத்தை எடுத்துவிடுங்கள். அதில் நான்கு காரியங்களைப் பாருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது? ஒதுக்கீட்டு நிலமா? நிரந்தரப் பட்டாவா, குத்தகைப் பட்டாவா. குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? வீட்டு நிலமா, விவசாய நிலமா? அதன்மேல் வங்கிக் கடனோ தடையோ இருந்தால் அதுவும் அந்தத் தாளிலேயே தெரியும். தாள் மலாய் மொழியில் இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். கிளைக்குக் கொண்டு வாருங்கள். நம்மிடையே கிராணிமார் எதற்கு இருக்கிறார்கள்?

வீட்டை எப்படிப் பார்ப்பது?

வீட்டையும் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்காதீர்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், மழை மாதத்தில் போய்ப் பாருங்கள். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மழை மாதங்கள். கடல் ஏற்றத்தின்போது வாய்க்கால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். கடலை நோக்கி ஓட வேண்டிய தண்ணீர் வீட்டை நோக்கி ஓடினால் நீங்களும் திரும்பி ஓடி வந்துவிடுங்கள்! புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து மயங்க வேண்டாம். அடுத்த வீட்டுச் சுவரின் கறையைப் பாருங்கள். உப்புக் காற்று கூரைத் தகட்டையும் ஆணியையும் சன்னல் கம்பியையும் தின்னும். கரைக்கு எவ்வளவு கிட்டமோ அவ்வளவு பழுதுச் செலவு. ஆகவே கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பது விலையிலும் லாபம், பராமரிப்பிலும் லாபம்.

வைத்தியத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இனிப்பு நீர் இல்லாதவர் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கிளினிக்குக்குப் போக பத்து வெள்ளி டாக்சி கொடுக்க வேண்டுமானால் அது ஒரு வெள்ளி வைத்தியமல்ல. வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நடந்து போய்ப் பாருங்கள். சிறுநீரகச் சுத்திகரிப்பு தேவைப்படுகிறவர் இருந்தால், அந்த நிலையம் எங்கே, இடம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வாரம் மூன்று முறை போக வேண்டிய இடம் அது.

ஆள் துணை

கடைசியாக, நாங்கள் மூவரும் வாதாடிய விஷயத்துக்கு வருகிறோம்.

ஆண்கள் இருவரும் திரும்பி வரும் வழியில் வீட்டு விலை, வாடகை, பஸ் நேரம் என்று பேசிக்கொண்டே வந்தோம். அம்மையார் பேசாமல் வந்தார். என்னக்கா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “நீங்கள் ரெண்டு பேரும் காலையில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவீர்கள். நான் யாரோடு பேசுவேன்? இந்த லயத்தில் அரை டம்ளர் எண்ணெய் வேண்டுமானால் எந்த வீட்டில் கேட்கலாம், எந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆச்சு. அந்த ஊரில் அதற்கு எனக்கு வயது இருக்கா?”

நாங்கள் வாயடைத்துப் போனோம். லயத்து வீடு சிறியது, கூரை ஒழுகும், சுவர் வழியே பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும். எல்லாம் உண்மை. ஆனால் பிள்ளை பிறந்தபோது ஓடி வந்ததும் அந்தப் பக்கத்து வீடுதான். சாவு வீட்டில் முதல் ஆளாகப் பந்தல் கால் நட்டதும் அவர்கள்தான். அமைதி வேண்டும் என்று நாம் கேட்கிறோம். ஆள் இல்லாத அமைதி மட்டும் வேண்டாம். நாளை நாம் கண்மூடினால் தூக்க நான்கு பேர் இருக்கிறார்களா, இடுகாடோ எரியூட்டும் இடமோ எங்கே இருக்கிறது என்பதையும் ஊர் பார்க்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். அபசகுனம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கேட்காமல் போனவர்களின் பிள்ளைகள் பட்ட பாட்டை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆகவே எங்கள் முடிவான யோசனை இதுதான். தனித்தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள். இந்த ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் இந்தக் கிளையில் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுப்போம். கடலோரம் போக விரும்புகிறவர்கள் ஐந்து குடும்பமோ ஆறு குடும்பமோ ஒன்று சேர்ந்து, ஒரே ஊரில், ஒரே தாமானில், கூப்பிடு தூரத்தில் வாடகைக்குப் பாருங்கள். ஐந்து வீடு சேர்ந்தால் அது ஒரு லயம். ராத்திரியில் தட்ட ஒரு கதவு இருக்கும். வீட்டுக்காரரிடம் பேரம் பேசவும் ஐந்து பேர் வாய்க்குப் பலம் உண்டு. 1954 ஆம் ஆண்டில் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது நம் முன்னோர் கற்ற பாடம் இதுதான். வேலை செய்யும் காலத்துக்கு மட்டும்தானா ஒற்றுமை? ஓய்வுக் காலத்துக்கும் அது வேண்டாமா?

எந்த ஊர் என்று கேட்பீர்கள். எங்கள் மூவரின் கருத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். பேராக்கில் பிள்ளைகள் உள்ளவர்கள் சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் பாருங்கள். ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் மக்களும் கிட்டத்தில் இருக்கிறார்கள். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் பிள்ளைகள் உள்ளவர்கள் போர்ட்டிக்சனில் கரையை விட்டு உள்ளே பாருங்கள். உடல் திடமாக உள்ளவர்கள், செலவு மிகக் குறைய வேண்டும் என்பவர்கள் பாகான் டத்தோவைப் பார்க்கலாம். மேட்டு நிலமாகப் பாருங்கள். இது எங்கள் அபிப்பிராயம் மட்டுமே. அக்கரைக்கு இக்கரை பச்சை. நீங்களே போய் நின்று பார்த்தால்தான் நிறம் தெரியும். போகும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் சரி என்று சொல்லாத ஊரில் குடியேறாதீர்கள்.

பட்டியலில் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுங்கள். அந்தத் தம்பதியின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. அக்காவே வந்து கொடுத்தார். ஆம், மறுபடியும் போக விரும்புகிறார்கள். “அவருக்குக் கடலைப் பார்த்தால் முகம் தெளிகிறது. இந்தத் தடவை உங்களோடு வருகிறோம்” என்றார்.

அவர்களைத் தனியாகப் போகவிட்டது நம் எல்லோருடைய குற்றம். இனி இந்தக் கிளையிலிருந்து யாரும் அப்படித் தனியாகப் போகக் கூடாது. 

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!